எக்கூஷேயை விடுவித்தவர் யாவர்?

"1944ஆம் ஆண்டு நேச நாட்டுப் படைகள் பிரான்சை விடுவித்தன" என்று ஒரு மாணவன் விடைத்தாளில் எழுதினால், வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் அதற்குரிய புள்ளியைத் தயக்கமின்றி வழங்கிவிடுவார். வாக்கியத்திற் பிழையில்லை. எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, பயனிலை உண்டு. ஆனால் தமிழ் கற்பிப்பவனுக்கு எழுவாயின்மீது ஐயங்கொள்வது தொழில். 'நேச நாட்டுப் படைகள்' என்னும் இவ்வெழுவாய் மனிதரைச் சுட்டுகின்றதா, கொடிகளைச் சுட்டுகின்றதா? படை ஊருக்குள் நுழைந்தது என்கின்றோம். நுழைந்தவன் யார்? எங்கிருந்து வந்தான்? பிறர்க்கு விடுதலை கொண்டுவந்த அவன் தன்னளவில் விடுதலை பெற்றவன்தானா? இவ்வினாக்களை எழுப்பாத வரலாறு தளபதிகளின் வரலாறாகவும் அரசாங்கங்களின் வரலாறாகவுமே எஞ்சும்.

சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெருநகரங்களின் விடுதலையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர், திரைப்படங்களும் வந்துவிட்டன. 1944 ஓகஸ்ட் 24ஆம் நாள் இரவில் பாரிஸ் நகரத் தேவாலயங்களின் மணிகள் ஒலித்த கதையை அறிந்தவர் பலர். அதற்குப் பதினொரு நாள்கள் முன்னர் அதே கவசப் படை புகுந்த எக்கூஷே என்னும் ஊரின் பெயரைக் கேட்டிருப்போர் சிலரே.

எக்கூஷே, நோர்மண்டியின் தென்பகுதியில், ஓர்ன் நதியோரம், ஆர்ஜந்தான் நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. போர்க்காலத்தில் ஓர் ஊருக்கு நேரக்கூடிய பெரிய ஆபத்து, அது வழியிற் கிடப்பது. எக்கூஷே வழியிற் கிடந்தது. ஜூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் ஏறத்தாழ ஏழு வாரம் வேலியும் மேடுமான அந்நிலத்தில் அடியடியாக நகர்ந்தன. ஜூலை 25ஆம் நாள் தொடங்கிய அமெரிக்கத் தாக்குதல் ஜேர்மன் அணியை உடைத்தது. அதன்பின் வடக்கிலிருந்து பிரித்தானியரும் கனடியரும் போலந்து நாட்டவரும் பலேஸ் நகரை நோக்கி இறங்க, தெற்கிலிருந்து அமெரிக்கரும் அவர்களுடன் சேர்ந்த பிரெஞ்சுக் கவசப் படையும் ஆர்ஜந்தானை நோக்கி ஏற, இடையில் ஜேர்மன் படை ஒரு பைக்குள் அகப்பட்டது போலாயிற்று. பையின் வாயை நோக்கிக் கிழக்கே ஓடும் வழிகளில் ஒன்று எக்கூஷே ஊடாகச் சென்றது.

ஜெனரல் லெக்ளேரின் தலைமையிலிருந்த பிரெஞ்சு இரண்டாங் கவசப் படைப்பிரிவு ஓகஸ்ட் 12ஆம் நாள் அலன்சோன் நகரை மீட்டது. மறுநாள் எக்கூஷேயை அடைந்தது. ஊர் விடுபட்டது. ஆனால், விடுதலை என்பது கதவு திறப்பதுபோல ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிந்துவிடவில்லை. பையின் தென்னிதழாக நின்ற அவ்வூரை மீளப் பிடிக்க ஜேர்மனியர் அடுத்து வந்த நாள்களிற் பன்முறை முயன்றனர். மேலிடத்திலிருந்து அமெரிக்கத் தளபதி பிராட்லி தென்படையை ஆர்ஜந்தானுக்கு அப்பால் நகராது நிறுத்திவைத்தமையால், வென்றவர்களும் வெல்லப்பட்ட ஊரும் ஒருங்கே குண்டு மழையின் கீழ் இருக்க நேர்ந்தது. அந்தக் கட்டளை சரியா தவறா என்று இராணுவ எழுத்தாளர் எண்பது ஆண்டுகளாகச் சண்டையிட்டு வருகின்றனர். நிலவறைகளிற் பதுங்கியிருந்த ஊர் மக்களைப் பற்றி அவர்கள் எழுதிய பக்கங்களை எண்ணிவிடலாம்.

விடுதலைக்கு ஒரு விலை உண்டு என்று இலேசாகச் சொல்லிவிடுவது வழக்கம். நோர்மண்டிப் போரில் ஏறத்தாழ 20,000 பொதுமக்கள் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மாண்டது விடுவிக்க வந்தோரின் விமானக் குண்டுகளால். நாஸிகளின் கொடுமையை மறைப்பதற்காக நாம் இதனைக் கூறவில்லை. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள், நாஸிகளின் கவசப் படைப்பிரிவொன்றைச் சேர்ந்தோர் ஒரதூர்-சூர்-கிளான் என்னும் கிராமத்தில் அறுநூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டும் தேவாலயத்துள் வைத்து எரித்தும் கொன்றனர். கிராமத்துக்குள் நுழையும் யுத்த தாங்கி எதைச் செய்யும் என்பதை அதன் இரும்பு தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

எக்கூஷேக்குள் வந்த இரும்பை இனி உற்று நோக்குவோம். முன்னே சக்கரமும் பின்னே பட்டைச் சங்கிலியும் கொண்ட அமெரிக்கக் கவச வண்டிகள் சில அவ்வூர் வீதியில் வந்தன. பிரெஞ்சுப் படையின் வண்டிகளே அவை. எனினும் அவற்றின் நெற்றியில் எழுதப்பட்டிருந்த பெயர்கள் பிரெஞ்சுப் பெயர்களல்ல: குவாதலஹாரா, புருணெற்றே, தெருவேல், எப்ரோ, குவேர்னிக்கா, மட்ரிட். அத்தனையும் 1936 முதல் 1939 வரை ஸ்பானியக் குடியரசு தன்னைக் காக்க நடத்திய போரின் களங்கள். குவாதலஹாராவில் 1937 மார்ச்சில் முசோலினியின் படை புறங்காட்டியது. குவேர்னிக்காவை அதே ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள் ஹிட்லரின் விமானங்கள் எரித்தன. வண்டிகளுள் இருந்தோர் சாட் அணிவகுப்பு ரெஜிமெந்தின் ஒன்பதாங் கம்பனியினர். ஏறத்தாழ 160 பேரைக் கொண்ட அக்கம்பனியில் மிகப் பெரும்பாலோர் ஸ்பானியர். 'ஒன்பது' என்பதற்கு அவர்களது மொழியிலுள்ள சொல்லால் அதனை 'லா நுவேவே' என்றே எல்லாரும் அழைத்தனர். கப்டன் ரேமண்ட் டிரொன் பிரெஞ்சுக்காரர். அவருக்கு அடுத்த நிலையில் நின்றவர்களுள் ஒருவர் லெப்டினன்ட் அமாடோ கிரனெல், ஸ்பானியக் குடியரசுப் படையிற் போராடியவர். சிவப்பு, மஞ்சள், ஊதா என்னும் மூவண்ணக் குடியரசுச் சின்னத்தை அவர்கள் பிரெஞ்சுச் சீருடையோடு சேர்த்து அணிந்திருந்தனர்.

ஒரு வண்டிக்கு மாத்திரம் விரும்பிய பெயரை வைக்க விடவில்லை. 1936 நவம்பரில் மட்ரிட் போர்முனையில் மாண்ட அராஜகவாதத் தலைவர் டுருட்டியின் பெயர் அது. மேலிடம் மறுத்தது. 'பென்குவின்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரொன்றைச் சிப்பாய்கள் எழுதினர். ஸ்பானியரை இழிவாகக் குறிக்கும் பிரெஞ்சுக் கொச்சைச் சொல்லின் ஒலி அதனுள் மறைந்திருந்தது. தடை விதித்தோருக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்த அறை அது.

இம்மனிதர் எக்கூஷேக்கு வந்த வழி நெடியது. பிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானமும் படையும் அனுப்பிய காலத்தில், பிரித்தானியாவும் பிரான்சும் 'தலையிடாமை' என்ற அழகிய பெயரின் பின்னே ஒளிந்து நின்றன. 1939 ஆரம்பத்தில் குடியரசு வீழ்ந்தபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் பிரெனீஸ் மலையைக் கடந்து பிரான்சுக்குள் நுழைந்தனர். மனித உரிமைகளைப் பிரகடனம் செய்த அந்நாடு அவர்களுக்குக் கொடுத்தது கடற்கரை மணலும் முட்கம்பியும். ஆர்ஜெலேஸ் முகாமிலே முதலிற் கூரைகூட இருக்கவில்லை. 1939 மார்ச் 28ஆம் நாள், அலிகாந்தே துறைமுகத்திலிருந்து 'ஸ்ரான்புறூக்' என்ற சிறு சரக்குக் கப்பல் 2,600க்கும் மேற்பட்ட அகதிகளுடன் அல்ஜீரியாவின் ஒரான் நகரை நோக்கிப் புறப்பட்டது. அக்கப்பலிற் கிரனெல் இருந்தார். வட ஆபிரிக்காவிலும் முகாம்களே காத்திருந்தன. 1940இல் பிரான்ஸ் ஹிட்லருக்குப் பணிந்தபின், விஷி அரசாங்கம் சகாராப் பாலைவனத்தில் இருப்புப்பாதை போடுவதற்கு இவ்வகதிகளை அடிமைகள் போல வேலை வாங்கியது. 1942 நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆபிரிக்காவில் இறங்கிய பின்னரே, முகாமிற் கிடந்தவன் கைக்குத் துப்பாக்கி வந்தது. அவர்களிற் பலர் வேறு பிரிவுகளிலிருந்து தாமாகவே விலகி வந்து லெக்ளேரின் படையிற் சேர்ந்தனர். விஷிக்கு நேற்றுவரை சலாம் போட்ட அதிகாரிகளின் கீழே நிற்க அவர்களுக்கு மனமில்லை.

பிரான்சுக்காக அவர்கள் போராடினர் என்று பின்னாளிற் கூறப்பட்டது. அது பாதி உண்மை. ஹிட்லர் வீழ்ந்தால் அடுத்தது பிராங்கோ என்பது அவர்களது கணக்கு. வண்டி நெற்றியில் எழுதிய பெயர்கள் கடந்துபோன களங்களின் நினைவு மாத்திரமல்ல. திரும்பிச் செல்ல வேண்டிய ஊர்களின் பட்டியலுமாகும்.

இனி, அக்கம்பனி சேர்ந்திருந்த ரெஜிமெந்தின் பெயருக்கு வருவோம். சாட் அணிவகுப்பு ரெஜிமெந்து என்றோம். சாட் எங்கே உள்ளது? மத்திய ஆபிரிக்காவில். 1940இல் பிரான்ஸ் சரணடைந்தபோது டி கோலின் பக்கம் முதலில் திரும்பிய ஆபிரிக்கக் குடியேற்ற நாடு சாட். அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் அம்முடிவை அறிவித்த ஆளுநர் பெலிக்ஸ் எபுவே ஒரு கறுப்பினத்தவர். பிரெஞ்சுக் கயானாவில் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல். 'சுதந்திர பிரான்ஸ்' என்பது இலண்டன் வானொலியில் ஒரு குரலாக மாத்திரம் இருந்த வேளையில், அதற்குக் காலூன்ற மண்ணும் சம்பளமின்றியும் சாகத் துணியும் ஆளும் கொடுத்தது ஆபிரிக்கா. 1941 மார்ச் 1ஆம் நாள் லிபியாவின் கூப்ரா பாலைவனச் சோலையை இத்தாலியரிடமிருந்து கைப்பற்றிய லெக்ளேரின் சிறு படையில் பெரும்பான்மையினர் ஆபிரிக்கர். ஸ்திராஸ்பூர்க் நகரத் தேவாலயத்தின் மீது பிரெஞ்சுக் கொடி பறக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைப்பதில்லை என்று மறுநாள் லெக்ளேர் சபதம் செய்ததைப் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். அச்சபதத்தைக் கேட்டு நின்ற சாட் நாட்டுச் சிப்பாய்களிற் பெரும்பாலோர் ஸ்திராஸ்பூர்க்கைக் காணவில்லை. போரிற் செத்தமையால் அன்று, படையிலிருந்து நீக்கப்பட்டமையால்.

1943இல் மொரொக்கோவில் லெக்ளேரின் படை அமெரிக்க ஆயுதங்களோடு கவசப் படைப்பிரிவாக மாற்றியமைக்கப்பட்டது. அப்போதே கறுப்பினச் சிப்பாய்களை வெளியேற்றும் வேலை நடந்தது. 1944 ஜனவரியில் ஐசன்ஹோவரின் தலைமை அலுவலர் பெடல் ஸ்மித் எழுதிய இரகசியக் குறிப்பொன்று பின்னாளில் வெளிவந்தது. பாரிசுக்குள் நுழையும் பிரெஞ்சுப் படைப்பிரிவு வெள்ளையர் படையாக இருப்பது மிகவும் விரும்பத்தக்கது. நான்கில் ஒரு பங்கே சுதேசிகளைக் கொண்ட இரண்டாங் கவசப் படைப்பிரிவுதான் முற்றாக வெள்ளையாக்கத்தக்கது. இதுவே அக்குறிப்பின் சாரம். பெடல் ஸ்மித்தின் நாட்டுப் படையிலும் அந்நாளிற் கறுப்பரும் வெள்ளையரும் வெவ்வேறு பிரிவுகளில் வைக்கப்பட்டிருந்தனர். பிரித்தானிய அதிகாரிகள் மறுக்கவில்லை. டி கோலின் தரப்பும் இணங்கியது. நீக்கப்பட்டோரின் இடத்தை நிரப்ப வட ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் ஆள் தேடினர். தோல் ஓரளவு வெளுத்திருந்தால் போதும் என்பது நிபந்தனை. இன வெறியை ஒழிக்கப் புறப்பட்ட படையின் ஆட்சேர்ப்பு விதி இது!

ரெஜிமெந்தின் பெயரை மாத்திரம் மாற்றவில்லை. சாட் என்ற பெயர் இருந்தது. சாட் நாட்டான் இல்லை. எக்கூஷேயின் வீதியோரத்தில் இன்றும் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டுள்ள ஷேர்மன் தாங்கியின் பெயர் 'மஸ்ஸாவா'. எரித்திரியாவின் துறைமுகம் அது. 1941 ஏப்ரிலில் சுதந்திரப் பிரெஞ்சுப் படையினர் இத்தாலியரிடமிருந்து பெற்ற வெற்றியின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. அந்த எரித்திரியப் போரிலும் சாட்டிலிருந்து சென்ற ஆபிரிக்கப் படையணி இரத்தம் சிந்தியது. ஆபிரிக்கனின் வெற்றி தாங்கியின் உடம்பில் எழுதப்படலாம். ஆபிரிக்கன் தாங்கியின் பின்னே நடந்து ஒரு பிரெஞ்சுக் கிராமத்துக்குள் வரலாகாது. வந்தால், பூக்கொத்தோடு ஓடிவரும் நோர்மண்டிப் பெண் யார் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்ற கவலை கனவான்களுக்கு இருந்திருக்கும்.

இது ஒரு படைப்பிரிவோடு நிற்கவில்லை. தென் பிரான்சில் இறங்கிய பிரெஞ்சு முதலாம் படையிற் கறுப்பினச் சிப்பாய்கள் பெருந்தொகையாக இருந்தனர். தூலோன் துறைமுகத்தை மீட்டுக் குளிர்காலத்தின் வாயிலை அடைந்தபோது, அவர்களில் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வரையானோர் முன்னணியிலிருந்து பின்னே அனுப்பப்பட்டு, அவ்விடங்களில் உள்நாட்டு எதிர்ப்பியக்க இளைஞர் நிறுத்தப்பட்டனர். ஆபிரிக்கர் குளிர் தாங்கார் என்று காரணம் கூறப்பட்டது. 1914 முதல் 1918 வரையான போரிலும் அவர்கள் அதே மண்ணின் குளிரில் நின்று போராடியவர்களே. இந்நடவடிக்கைக்கு இராணுவத்தார் இட்ட பெயர் 'வெளுத்தல்'. சலவைக்காரர் சொல்லை இராணுவம் கடன் வாங்கியது.

அவ்வாறு தாயகம் அனுப்பப்பட்டோருக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? ஜேர்மன் சிறையிலிருந்து மீண்ட மேற்காபிரிக்கச் சிப்பாய்கள் டக்கார் நகருக்கு அண்மையிலுள்ள தியாரோய் முகாமில் தமக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டனர். 1944 டிசம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு இராணுவம் அவர்களைச் சுட்டது. 35 பேர் மாண்டனர் என்பது அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு. உண்மையில் மாண்டோர் அதனிலும் மிகப் பலர் என்று ஆராய்ந்தோர் வாதிடுகின்றனர். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு ஜனாதிபதி ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் வரை, எண்பது ஆண்டுகள், சென்றன. நாஸி ஜேர்மனி சரணடைந்த மகிழ்ச்சியில் ஐரோப்பா திளைத்த 1945 மே 8ஆம் நாளிலே அல்ஜீரியாவின் செட்டிப் நகரில் சுதந்திரக் கொடி ஏந்தி ஊர்வலம் வந்தோர் மீது சூடு விழுந்தது. அதைத் தொடர்ந்த வாரங்களில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் கொல்லப்பட்டனர்.

பாரிசுக்குத் திரும்புவோம். ஓகஸ்ட் 24ஆம் நாள் இரவு நகர மண்டபத்தை முதலில் அடைந்த சிறு படை டிரொனின் தலைமையில் வந்த ஒன்பதாங் கம்பனியினரும் மூன்று தாங்கிகளுமே. எதிர்ப்பியக்கத் தலைவர் பிதோவுடன் கிரனெல் நிற்கும் படம் மறுநாட் பத்திரிகையில் வெளிவந்தது. அம்மறுநாளே டி கோல் அதே மண்டபத்தில் உரையாற்றினார். பாரிஸ் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டது. பிரெஞ்சுப் படைகள் துணைநின்றன. பிரான்ஸ் முழுவதும் துணைநின்றது என்பது அவ்வுரையின் தொனி. அமெரிக்கருக்கு அரசியல் ரீதியாகச் செருப்பால் அடித்தாற் போன்ற அப்பேச்சை நாம் ஓரளவு இரசிக்கலாம். தன் நாட்டின் தன்மானத்தைக் காக்க அவருக்கு அது தேவைப்பட்டிருக்கும். ஆயின் அத்தன்மானத்தினுள்ளே தெருவேலிலிருந்து வந்தவனுக்கும் சாட்டிலிருந்து வந்தவனுக்கும் இடம் இருக்கவில்லை.

ஸ்பானியரின் கணக்கு என்னாயிற்று? நோர்மண்டியில் இறங்கிய அவர்களில், 1945 மேயில் ஹிட்லரின் மலைவாசமான பேர்க்ற்றெஸ்காடன் வரை சென்று சேர்ந்தோர் பதினாறு பேரளவே. மற்றையோர் மாண்டும் காயமுற்றும் வழியில் நின்றுவிட்டனர். அந்தப் பதினாறு பேரும் தெற்கே திரும்பிப் பிரெனீஸ் மலையைக் கடக்குமாறு எவரும் கட்டளையிடவில்லை. பிராங்கோ இருந்தார். பனிப்போர் வந்ததும் அவர் 'கம்யூனிச எதிர்ப்பு வீரர்' ஆனார். 1953 செப்டெம்பரில் அமெரிக்கா அவரோடு உடன்படிக்கை செய்து ஸ்பெயினில் இராணுவத் தளங்களைப் பெற்றது. 1955 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை அவரது அரசை உறுப்பினராக ஏற்றது. ஹிட்லரின் விமானங்களை வரவழைத்துத் தன் நாட்டு ஊரை எரிப்பித்தவர் 1975இல் தம் கட்டிலிலே மாண்டார். விடுதலை செய்யும் இரும்பு எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அதனை ஓட்டியவர்களல்லர்.

பிறிதொரு திசையில் அந்த இரும்பு நிற்கவுமில்லை. 1945 செப்டெம்பர் 2ஆம் நாள் ஹோ சி மின் வியட்நாமின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார். அடுத்த மாதமே லெக்ளேர் சைகோனில் வந்திறங்கினார். பாரிசை விடுவித்த அதே லெக்ளேர். இரண்டாங் கவசப் படைப்பிரிவிலிருந்து திரட்டப்பட்ட அணியொன்று மஸ்ஸு என்பவரின் தலைமையில் அவருக்குத் துணையாக வந்தது. ஒக்டோபர் இறுதியில் அவ்வணி மெக்கோங் நதிப் படுகையிலுள்ள மீதோ நகரைக் கைப்பற்றியது. எக்கூஷேக்கும் மீதோவுக்கும் இடையிற் பதினான்கு மாதங்கள். அங்கே கதவைத் திறந்து வைத்த படை இங்கே கதவைச் சாத்த வந்தது. அங்கே ஆக்கிரமிப்பாளன் என்று எவனைத் துரத்தியதோ, இங்கே அவனுடைய இடத்திலே தான் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1957இல், அல்ஜியேர்ஸ் நகரில் மஸ்ஸுவின் படையினர் கைதிகளை எவ்வாறு வதைத்தனர் என்பதை உலகறியும். தாங்கி மாறிற்று என்பதா? அதன் சாரதி மாறினான் என்பதா? கட்டளையிட்ட வர்க்கம் மாறவில்லை என்பதே விடை.

இவ்வாறு கூறும்போது இரு திசைகளிலிருந்து மறுப்பு வரும். பாசிசத்தை முறியடித்தோரிடம் குற்றங் காண்பது நன்றிகெட்ட செயல் என்பர் சிலர். நன்றி யாருக்கு என்பதே நம் கேள்வி. எக்கூஷேயின் மக்களுக்கு அவ்வோகஸ்டு நாள் மெய்யான விடுதலை நாள். கெஸ்டாப்போவின் பூட்ஸ் ஒலி நின்ற நாள். வலிந்து ஜேர்மனிக்கு வேலைக்குப் பிடித்துச் செல்லப்படும் பயம் ஒழிந்த நாள். அதனைக் குறைத்துப் பேசுபவன் பாசிசத்தை நூலில் மாத்திரம் வாசித்தவன். ஆனால் அந்நன்றியைச் சலவை செய்து மடித்து அரசாங்கத்தின் பெட்டியில் வைப்பதற்கு நாம் உடன்பட இயலாது.

மற்றைய மறுப்பு நம் தோழர்கள் சிலரிடமிருந்து வருவது. அது ஏகாதிபத்தியவாதிகள் தமக்குள் நடத்திய போர். அதில் விடுதலை எங்கே என்பர். இவ்வாதத்துக்கு நம் நாட்டில் மதிப்புக்குரிய வரலாறு உண்டு. அந்நிலைப்பாட்டுக்காகவே 1940இல் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் சிறை சென்றனர். பிரித்தானியன் தன் குடியேற்ற நாடுகளைக் காக்கவே போராடினான் என்று அவர்கள் கூறியதில் உண்மை இருந்தது. ஆயினும் லா நுவேவேயின் சிப்பாயிடம் சென்று, "நீ ஏகாதிபத்தியத்தின் கருவி" என்று எவரேனும் கூறியிருப்பின் அவன் என்ன செய்திருப்பான்? அவன் 1936இலேயே போரைத் தொடங்கியவன்; ஏகாதிபத்தியங்கள் மூன்று ஆண்டு தாமதமாகவே வந்து சேர்ந்தன. பிறருடைய வண்டியில் ஏறித் தன்னுடைய போரை அவன் நடத்தினான். அந்த வண்டி அவன் ஊருக்குப் போகாது என்ற ஐயம் அவனுக்கு இருந்திருக்கலாம். ஏறாமலிருப்பது மாற்று வழியாக இருக்கவில்லை. சூத்திரங்களால் மனிதரை அளக்கும் தோழமை, தளபதிகளால் மனிதரை அளக்கும் வரலாற்றிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

இக்கதையில் இலங்கைக்கு என்ன பங்கு என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. அக்கவச வண்டிகளின் பட்டைச் சங்கிலி முழு இரும்பன்று. எஃகு வடத்தின்மேல் இறப்பர் வார்த்துச் செய்யப்பட்டது. ஷேர்மன் தாங்கியின் உட்சக்கரங்களுக்கும் இறப்பர் வளையம் உண்டு. 1942 தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் ஜப்பானியர் வசமான பின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கையிலிருந்தே சென்றது. அமெரிக்க ஆலைகள் செயற்கை இறப்பரைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பின்னரும், பளு தாங்கும் உறுப்புகளுக்கு இயற்கை இறப்பரைக் கலக்க வேண்டியிருந்தது. ஆகவே களுத்துறையிலும் கேகாலையிலும் மரங்களின் ஆயுளைப் பொருட்படுத்தாது அளவுமீறிப் பால் வெட்டப்பட்டது. மரம் சாவதற்கு அரசாங்கம் தோட்ட முதலாளிக்கு நட்டஈடு வழங்கியது. பால் வெட்டியவர்க்கு வழங்கப்பட்டது எது? போர் முடிந்து மூன்று ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. அந்நாடற்ற நிலையின் மிச்சத்தைத் துடைக்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் சுதந்திரத்துக்கு மரத்தைக் கீறிப் பால் கொடுத்தவனைச் சுதந்திர இலங்கை எண்ணிக்கையிலிருந்து நீக்கியது. அதனைச் செய்தவர்களை ஏகாதிபத்தியவாதிகள் என்று கூறித் தப்ப முடியாது, அவர்கள் நம்மவர்கள், அவர்களுக்குக் கை உயர்த்திய தமிழ்ப் பிரமுகர்களும் இருந்தனர்.

தமிழ் மரபில் நடுகல் என்றொன்று உண்டு. கவர்ந்து செல்லப்பட்ட நிரையை மீட்டு மாண்ட சாதாரண மறவனுக்கு ஊரார் கல்லெடுத்து, நீராட்டி, பெயர் பொறித்து நட்டனர். தொல்காப்பியம் அதன் துறைகளை வரிசைப்படுத்திக் கூறுகின்றது. பிற்காலத்துப் பரணியோ வேறு வகை: வெற்றி அரசனுக்கு, புகழ் படைத் தலைவனுக்கு, களத்திற் கிடக்கும் சிப்பாய் பேய்களின் கூழுக்கு அரிசி. எக்கூஷேயில் நிற்கும் மஸ்ஸாவா தாங்கியைப் பற்றி வாசித்தபோது இவ்விரண்டில் அது எவ்வகையிற் சேரும் என்று எண்ணத் தோன்றியது. கல்லுக்குப் பதிலாக இரும்பு நிற்கின்றது. அதிற் பெயரும் உண்டு. ஆனால் அது மனிதனுடைய பெயரன்று.

பெயர்கள் பிந்தியே வந்தன. 2004இல், அறுபது ஆண்டுகளின் பின், ஒன்பதாங் கம்பனியின் ஸ்பானியர் சென்ற வழியெங்கும் பாரிஸ் நகரசபை சிறு பலகைகளைப் பதித்தது. ஆபிரிக்கச் சிப்பாய்களின் ஓய்வூதியத்தைக் குடியேற்ற நாடுகளின் சுதந்திரத்தோடு உறையவைத்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்த 2006இல் வெளியான ஒரு திரைப்படம் தேவைப்பட்டது. அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். கிரனெல் பிராங்கோவின் ஆட்சி நடந்த ஸ்பெயினிலேயே 1972இல் வீதி விபத்தில் மாண்டார். 2015 ஜூனில் பாரிஸ் நகர மண்டபத்தின் அருகே லா நுவேவே வீரரின் பெயரால் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. முடியாட்சியை ஒழித்த குடியரசுக்காகப் போராடியோரின் பூங்கா அது. திறந்து வைத்தவர்களுள் ஸ்பெயின் நாட்டு மன்னர் ஒருவர். பிராங்கோ தமக்கு வாரிசாகத் தெரிந்தெடுத்த மன்னரின் மகன். அக்கம்பனியின் கடைசி மனிதரான ரபாயேல் கோமெஸ் 2020 மார்ச் 31ஆம் நாள், தமது 99ஆவது வயதில், கொரோனா நோயால் காலமானார். அவர் வாழ்ந்ததும் மாண்டதும் ஸ்திராஸ்பூர்க்கில்.